சொன்ன விலைக்கு நின்ற பத்தர்

களுதாவளை நகைப் பத்தர் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று நேற்றுக் காலை வாவித் துறையில் வள்ளக்காரன் சொன்னான். ஏறக் கால் வைத்தவன் இறங்கிவிட்டேன். எங்கே போக வந்தேன் என்பதே மறந்துபோனது. எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்ல மகள் எழுதுகிறாள். அவரிடம் நகை செய்தவர்கள் படிக்கட்டும்.

சண்டைக் காலம். பவுண் விலை வருசக்கணக்காக இறங்கிக்கொண்டே இருந்தது. அடுத்த வெள்ளாமை வெட்டு, நெல் அறுப்பு, முடிய மகளுக்குக் கலியாணம். நகைக்குச் சொல்லப் போன என்னிடம், பட்டறையில் ரேடியோவைக் குறைத்துவிட்டுப் பத்தர் சொன்னார்:

"வெளிநாட்டுச் சுரங்கக் கொம்பனிக்காரன் இன்னும் தோண்டாத தங்கத்தை இண்டைய விலைக்கே பேசி வித்துப்போடுறான் மனே. பிறகு இறங்கினாலும் அவனுக்கு அடி இல்லை. நானும் அப்பிடித்தான். இப்ப விலையைப் பேசு, நகையை எடுக்கைக்குள்ள காசைத் தா."

"இரிக்கிற பவுண் முழுக்கவா அண்ணே பேசி விக்கிறீங்க?"

"பாதிதான். முழுக்க வித்தவன் விலை ஏறுற அண்டைக்குச் சாவான்."

ஏறினால் என் பாடு என்ன என்ற பயத்தில் நானும் தலையாட்டினேன்.

விலை இன்னும் இறங்கியது. வட்டை வயலில் என்னோடு வேலை செய்தவர்கள் என்னைச் சும்மா விடவில்லை. "பத்தர் உரைகல்லில பவுணை உரைக்கல்லகா, உன்னைத்தான் உரைச்சிரிக்கார்" என்றார்கள். ஆமிச் சென்றியில் சோதனைக்கு நின்று வெயிலில் காய்ந்து, அவர் முன்னால் போய் நின்றேன்.

"கொஞ்சம் குறையுங்க அண்ணே."

"இல்லை" என்றவர் ஊதுகுழலை வாயில் வைத்துக்கொண்டார். வழி நெடுக அவரை ஏசிக்கொண்டே வந்தேன்.

வெட்டுக்கு முன்னம் விலை திடீரென்று எழும்பியது. பேசி விற்ற கொம்பனிகள் முழிக்கின்றன என்று ரேடியோவில் போனதாம். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பத்தர் பட்டறையைப் பூட்டிவிட்டால் மாப்பிள்ளை வீட்டாருக்கு என்ன சொல்வது? துறைக்கு ஓடினால் ஆமி மறித்து வள்ளம் ஓடவில்லை. மறுநாள்தான் கரை தாண்டினேன்.

நகை தயாராக இருந்தது. இரவு முழுக்க வேலை செய்ததில் பத்தரின் கண் சிவந்திருந்தது.

"இப்ப வெளியில வித்தா உங்களுக்குக் கூட வருமெல்லோ அண்ணே? கொஞ்சம் சேர்த்துத் தாறன்."

"இல்லை."

"ஏன் அண்ணே?"

"நீ குறைக்கக் கேட்ட அண்டைக்கு வெளியில வாங்கியிருந்தா உனக்குக் குறையத்தான் முடிஞ்சிருக்கும். நான் குறைச்சனானா? எடுத்திட்டுப் போ, வள்ளம் போயிரும்."

அந்த நகை இப்போது இல்லை. இடம்பெயர்ந்து கிடந்த நாளில் விற்றுச் சாப்பிட்டோம். அவர் நல்லவரா, வெறும் பிடிவாதக்காரரா என்று இன்றைக்கும் எனக்கு முடிவு வரவில்லை. ஆனால் அந்த இரண்டு 'இல்லை'யும் ஒரே குரலில் வந்தவை. அவைதான் என்னிடம் இருக்கின்றன.