ஆயுத பூஜையன்று பிடிபட்ட ஓட்டை

எனக்கு மூக்கு நுனியில் கோபம். பொம்மசந்திராவில் இருந்த அந்தத் தொழிற்சாலையின் மேனேஜர் அதை நன்றாகவே கிளறிவிட்டார். ஒன்றோடொன்று பேசிக்கொண்டு வேலை செய்யும் அவருடைய பன்னிரண்டு மிஷின்களுக்குள் வெளியாள் புகுந்து உத்தரவு போட முடியும் என்பதுதான் என் ஆராய்ச்சி. "லேப்ல நடக்கும் மேடம், இங்க நடக்காது. சும்னே பயமுறுத்தாதீங்க," என்றார் கன்னடம் கலந்த தமிழில். நிஜத் தொழிற்சாலையில் நிரூபிக்காவிட்டால் மூன்று வருட உழைப்பு குப்பைக்குத்தான் என்று என் முனைவர் பட்ட ஆய்வுக் குழுவும் கறாராகச் சொல்லியிருந்தது.

மேனேஜரின் அனுமதியோடு நான்கு நாள் முயன்றேன். ஓடிக்கொண்டிருந்த மிஷின்களிடம், போலி உத்தரவு அனுப்ப நான் செய்திருந்த கைப்பெட்டியின் பருப்பு வேகவில்லை. ஐந்தாம் நாள் ஆயுத பூஜை. எல்லாவற்றையும் அணைத்துத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலையும் போட்டுவிட்டார்கள். ஒரு நாள் வீண் என்று பொருமிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நீலசந்திராவிலிருந்து வேலைக்கு வரும் ஆபரேட்டர் ஒருத்தி பொரி கொண்டுவந்து கொடுத்தாள். என் வயதுதான் இருக்கும். "பூசணிக்கா ஒடைச்சதும் எல்லாத்தையும் ஒண்ணா ஆன் பண்ணுவோம் மேடம். வருஷா வருஷம் அப்போ ஒரே கலாட்டா. எது மொதல்ல பேசுதோ, அது பின்னாலயே மத்ததெல்லாம் போயிடும். நாங்க போய்தான் சரி பண்ணணும்."

பொரியைக் கீழே வைத்தேன். மூன்று வருடமாக ஓடும் மிஷினையே தட்டிக்கொண்டிருந்தேன். லேபில் யார் எதை அணைக்கிறார்கள்? எல்லாம் ஒரே சமயத்தில் விழித்து, நம் தலைமை யார் என்று தேடும் சில நொடிகளில், அடையாளத்தை உறுதிசெய்யும் ரகசியச் சாவியைக்கூடக் கேட்காமல் முதல் குரலை நம்பிவிடுகின்றன. என் மரமண்டையில் அது அன்றுதான் ஏறியது.

மேனேஜரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டேன். பூசணிக்காய் உடைந்தது. மிஷின்கள் விழித்தன. என் பெட்டி முந்திக்கொண்டது. பன்னிரண்டு பச்சை விளக்குகளும் நான் சொன்னபடி மஞ்சளாயின. மேனேஜர் வாயிலிருந்த பொரியை மெல்லவில்லை. ஆபரேட்டர் கைதட்டினாள். வெட்கமே இல்லாமல் நானும் தட்டினேன்.

குழு மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது. ஆனால் ஓட்டையைக் கண்டவளே அடைக்கவும் வேண்டும். கண் விழித்ததும் சாவி கேட்கும்படி மிஷின்களுக்குப் புதிய புரோகிராம் எழுத ஒரு மாதம் ஆனது. முடிந்ததும் அதே ஆபரேட்டர் மெயின் சுவிட்சைப் போட்டாள். என் பெட்டி கத்திக் கத்திப் பார்த்தது. ஒரு விளக்குகூட நிறம் மாறவில்லை. என் பேச்சை யாரும் மதிக்காததற்கு நான் அவ்வளவு சந்தோஷப்பட்டது அன்று ஒருநாள்தான்.