படிவத்தின் பின்பக்கத்தில் ஒரு கோச்சிப் பாதை

வெள்ளவத்தையில் நாங்கள் வாடகைக்கு இருந்த அறைக்குள் ஒரு கட்டில்தான் இருந்தது. பகலில் அதிலே சாப்பிடுவோம், பெரியவள் எழுதுவாள், உங்கள் அம்மா உடுப்பு மடிப்பா. கடைசியில் விளையாட்டு ரயில் ஒன்றுக்கு, எங்கள் பேச்சில் கோச்சிக்கு, பாதை போட்டதும் அந்தக் கட்டிலின் மேல்தான். பெரியவளே, உனக்கு அப்போது ஆறு வயது. சின்னவள் அம்மாவின் வயிற்றில் இருந்தாள். உங்கள் இருவருக்கும் இதைச் சொல்லாமல் இவ்வளவு காலம் இருந்துவிட்டேன்.

மேல்மாடியில் இருந்த ஒருவர் கனடாவுக்குப் போகும்போது தன் மகன் விளையாடி முடித்த ஒரு பெட்டியைத் தந்துவிட்டுப் போனார். பச்சை நிற எஞ்சின் ஒன்று, பெட்டிகள் மூன்று, துண்டு துண்டான தண்டவாளம், திருகினால் வேகம் கூடும் ஒரு ட்ரான்ஸ்ஃபோமர். நான் கொட்டாஞ்சேனையில் மின்சாமான் கடையொன்றின் கவுண்டரில் வேலை செய்தவன். வயர் பிடிக்கத் தெரியும், ஈயம் வைத்து ஒட்டத் தெரியும். அன்று பின்னேரமே தண்டவாளத்தைப் பொருத்தி ஓடவிட்டேன். வட்டமாக ஓடியது. நீ ஐந்து நிமிடம் பார்த்தாய்.

"இது எங்கை போகுது அப்பா?"

"சும்மா சுத்துது."

"எங்கடை கோச்சி சுத்துறேல்லைத்தானே. எங்கடை கோச்சியைச் செய்யுங்கோ."

எங்கள் கோச்சி என்றால் ஒழுங்கை முடிவில், கடலுக்கும் வீடுகளுக்கும் நடுவே போவது. காலையும் மாலையும் வாசலில் ஆட்கள் தொங்கிக்கொண்டு போவார்கள். ரோட்டில் விளையாட உன்னை விடுவதில்லை. குண்டு வெடித்த கிழமைகளில் பள்ளிக்கூடமும் இல்லை. கோச்சிச் சத்தம் கேட்டு ஜன்னலுக்கு ஓடுவதுதான் உனக்கு வெளியே போவது போல. அதனால் செய்வதென்று முடிவெடுத்தேன். ஸ்டேசனில் இருந்து தெகிவளைப் பக்கம் கால்வாய்க்கு மேலே போகும் பாலம் வரை, எங்கள் பாதை அப்படியே.

எனக்கும் அந்த நாட்களில் கை சும்மா இருக்காது. வேலை முடிந்து வந்தால் கடிகாரம் பார்ப்பேன், ஜன்னல் பார்ப்பேன், கதவுத் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்ப்பேன். வாகனம் ஒழுங்கைக்குள் திரும்பினால் எழுந்துவிடுவேன். பலகை கிடைத்த பிறகு இரண்டு கைக்கும் வேலை கிடைத்தது. பிளைவூட்டை வாங்கி, கட்டில் அளவுக்கு வெட்டி, பகலில் அலுமாரிக்குப் பின்னால் நிறுத்திவிட்டு, பின்னேரம் கட்டிலில் படுக்கவைப்பேன்.

அளவுதான் சிக்கல். அளவுத்திட்டம் போட நான் படித்தவனல்ல. தண்டவாளத்தில் அளவு நாடா பிடித்துக்கொண்டு நிற்கவும் முடியாது. எனக்கு ஒரு யோசனை வந்தது. தண்டவாளத்தின் கீழே குறுக்காகப் போட்ட உண்மையான சிலிப்பர் கட்டை பத்துக்கு என் பலகையில் ஒன்று. பாதை வழியே நிறையப் பேர் நடந்து போவார்கள். நானும் நடந்து போய்க் கட்டைகளை எண்ணினேன். ஸ்டேசன் மேடை முடிவில் இருந்து சிக்னல் வரை இத்தனை, சிக்னலில் இருந்து பாலம் வரை இத்தனை. சில ஞாயிற்றுக்கிழமைகளில் நீயும் வந்தாய். நான் ஒற்றை எண்களைச் சொல்வேன், நீ இரட்டை எண்களைச் சொல்வாய். பாலத்தடியில் ஆமிக்காரன் ஒருவன் மணல் மூட்டைக்குப் பின்னால் நிற்பான். நாங்கள் குனிந்த தலையோடு வாயை அசைத்துக்கொண்டு போவதை அவன் பார்த்துச் சிரித்தான். நானும் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்து கணக்கைக் கடதாசியில் கீறி வைப்பேன். எங்கள் வீட்டில் வெறும் கடதாசி என்றால் பொலிஸ் பதிவுப் படிவத்தின் பழைய பிரதிகள்தான். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று எழுதிப் பொலிசில் பதிந்து, முத்திரை குத்தி வாங்கி வைக்கவேண்டும். அம்மாவின் சொந்தக்காரர் யாராவது வெளிநாடு போக வந்து நின்றால் ஒரு படிவம், அவர்கள் போனால் இன்னொன்று. பழையவை பயனில்லாமல் கிடக்கும், பின்பக்கம் வெள்ளை. நாலைந்து தாளில் கீறி, அழித்து, கடைசியில் ஒரு பின்னேரம் எல்லாவற்றையும் சேர்த்து நல்ல பிரதி ஒன்று போட்டேன். போல்பொயின்ற் பேனாவால், அடிமட்டம் வைத்து. ஸ்டேசன், சிக்னல், கேற், பாலம், பாலத்துத் தூண்கள், ஒவ்வொன்றுக்கும் நடுவே எத்தனை கட்டை என்று. எனக்கே பெருமையாக இருந்தது.

அடுத்த நாள் அம்மா கண்டுவிட்டா.

"இஞ்சாருங்கோ, இது என்ன?"

"பிளான். பிள்ளையின்ரை கோச்சிக்கு."

"பாலம் கீறியிருக்கிறியள். தூண் கீறியிருக்கிறியள். எத்தினை அடி எண்டு எழுதியிருக்கிறியள்."

"அடி இல்லையப்பா. கட்டை."

"ஓம், அதை அவங்களுக்கு விளங்கப்படுத்துங்கோ. 'அடி இல்லை மாத்தயா, கட்டை' எண்டு. உடனை ரீ ஊத்தித் தருவாங்கள்."

நான் சிரிக்கப் போனேன். அவ சிரிக்கவில்லை.

"வயர், ட்ரான்ஸ்ஃபோமர், பாலத்தின்ரை படம். வெள்ளவத்தைத் தமிழன். வேறை என்ன வேணும் உங்களுக்கு? எரிச்சுப்போடுங்கோ இதை."

"சரி, எரிக்கிறன்."

பழைய தாள்களைக் குசினிக்குள் கொண்டுபோய் எரித்தேன். நல்ல பிரதியைக் கையில் எடுத்துத் திருப்பினேன். அதன் மறுபக்கம் நீல முத்திரை. எங்கள் மூன்று பேரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், கையெழுத்து. பழைய பிரதி இல்லை. நடப்பில் இருந்த படிவம். கீறும் அவசரத்தில் மேலே கிடந்ததை எடுத்திருக்கிறேன்.

அதை எரித்தால் பதிவு இல்லை. பதிவு இல்லாமல் பிடிபட்டாலும் கொண்டுபோவார்கள். தொலைந்துவிட்டது என்று பொலிசில் போய்ச் சொன்னால், எங்கே தொலைத்தாய், யார் கையில் கொடுத்தாய் என்று கேள்வி வரும். அந்த நாளில் தானாகப் பொலிசுக்கு நடந்து போன தமிழன் யார்? போல்பொயின்றை அழிக்கப் பார்த்தேன். கடதாசி தேய்ந்து முத்திரை பின்னால் தெரியத் தொடங்கியது. இன்னொரு தாளை மேலே ஒட்டலாமா என்று யோசித்தேன். ஒட்டினால் எதையோ மறைக்கிறான் என்றுதானே நினைப்பார்கள்?

அம்மாவிடம் "எரிச்சாச்சு" என்று சொல்லிவிட்டேன். படிவத்தை அடையாள அட்டைகளோடு பிளாஸ்ரிக் உறைக்குள் வைத்து, பின்பக்கம் உறையின் மட்டையோடு ஒட்டிக் கிடக்கும்படி திருப்பி வைத்தேன். எத்தனை தடவை காட்டியிருக்கிறோம், ஒருவரும் பின்பக்கம் பார்த்ததில்லை. அப்படி எனக்கு நானே சொன்னேன். கடையில் நிற்கும்போது, பஸ்சில் இருக்கும்போது, சோறு சாப்பிடும்போது. கவுண்டரில் பல்ப் கேட்டவருக்குப் பிளக் எடுத்துக் கொடுத்தேன்.

அப்படி இருந்தும் பலகை வேலையை நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் கை மறுபடி தாழ்ப்பாளைத் தேடிப் போனது. தீக்குச்சியால் பாலம் கட்டி, அதைத் தாண்டிய பாதை பலகையின் ஓரத்தால் ஸ்டேசனுக்கே திரும்பி வரும்படி சேர்த்தேன். பஞ்சை வெட்டிப் பச்சைச் சாயத்தில் தோய்த்து மரம் செய்தேன். பாலத்துக்கு முன்னால் உள்ள வளைவில் கடைசிப் பெட்டி ஒவ்வொரு தடவையும் தடம் புரண்டது. கல்யாண அழைப்பிதழ் மட்டையைக் கீலமாக வெட்டி வெளிப்பக்கத் தண்டவாளத்தின் கீழ் வைத்துச் சற்று உயர்த்தினேன். மூன்று தடவை ஒழுங்காக ஓடியது, நாலாவது தடவை மறுபடி விழுந்தது. நீ கை தட்டுவாய், விழுந்தாலும் தட்டுவாய்.

ஒரு காலை, அம்மா பால் காய்ச்சும் நேரம், ஒழுங்கையை இரண்டு பக்கமும் மறித்துவிட்டார்கள். வீட்டுக்கார அக்கா மாடியில் இருந்தே கூப்பிட்டா.

"தம்பி, செக்கிங்! கதவைத் திறந்து வையுங்கோ. தட்ட விடாதேங்கோ."

பொலிஸ் சார்ஜன்ட் ஒருவரும் ஆமிக்காரர் இருவரும் உள்ளே வந்தார்கள். அம்மா பிளாஸ்ரிக் உறையை நீட்டினா. நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். சார்ஜன்ட் அடையாள அட்டைகளைப் பார்த்தார், படிவத்தின் பெயர்களைப் பார்த்தார், உன்னைப் பார்த்துத் தலையாட்டினார். உறையைத் திருப்பிக் கொடுக்கப் போனார். அந்த நேரம் ஆமிக்காரன் அலுமாரிக்குப் பின்னால் இருந்த பலகையை இழுத்தான். கீழ்ப்பக்கம் முழுவதும் வயர்.

"மே மொகக்த?" என்றார் சார்ஜன்ட். இது என்ன என்று.

"கோச்சி, மாத்தயா. பிள்ளைக்குச் செல்லம் கோச்சி." சிங்களத்தில் செல்லம் என்றால் விளையாட்டு.

"ஓடவிடு."

ட்ரான்ஸ்ஃபோமரைச் சொருகினேன். சுவிச்சைப் போட்டேன். ஒன்றும் இல்லை. அந்த மாதங்களில் கரண்ட் நிறுத்தி நிறுத்தித்தான் வரும். எங்கள் பக்கம் அன்று காலையில் நிறுத்தும் முறை.

"லைட் நே, மாத்தயா" என்றேன். கரண்ட் இல்லை. என் குரல் எனக்கே பொய்யாகக் கேட்டது.

அவர் மறுபடி உறையைப் பார்த்தார். இந்தத் தடவை படிவத்தை வெளியே எடுத்தார். திருப்பினார்.

அம்மா என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதமாட்டேன்.

பலகையை, வாசலில் நின்ற இரண்டு கொன்ஸ்தாபிள்மார் தூக்கிக்கொண்டு ஒழுங்கை வழியே நடந்தார்கள். நான் பின்னால். திரைச்சீலைகள் அசைந்தன, ஒருவரும் வெளியே வரவில்லை. பஞ்சு மரங்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. ஒரு கொன்ஸ்தாபிள் குனிந்து ஒன்றை எடுத்து மறுபடி பலகையில் வைத்தான். அது நிற்கவில்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

பொலிஸ் நிலையத்தில் என்னைச் சுவரோரம் நீள வாங்கொன்றில் இருத்தினார்கள். எழுந்தால் "இரு" என்றார்கள். கரண்ட் இல்லாமல் மேலே நின்றுபோன காற்றாடியைப் பார்ப்பேன், கேற்றைப் பார்ப்பேன். கேற்றுக்கு வெளியே அம்மா ஒரு கையால் வயிற்றையும் மற்றக் கையால் உன்னையும் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றா. இன்ஸ்பெக்டர் வந்தார். வயதானவர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படத்தைப் பார்த்தார். சிங்களத்தில் கேட்டார், எனக்குத் தெரிந்த கடைச் சிங்களத்தில் பதில் சொன்னேன்.

"ஏன் இந்தப் பாலம்?"

"பிள்ளை இந்தக் கோச்சிதான் வேண்டும் என்றாள்."

"இந்த எண்கள்?"

"சிலிப்பர் கட்டை. எண்ணினேன்."

"இந்த நாளில் இதையெல்லாம் கீறக்கூடாது என்று உனக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"தெரிந்தும் பொலிஸ் படிவத்தில் கீறினாயா?"

அவர் சார்ஜன்டைப் பார்த்தார். "குண்டு வைக்கிறவனாக இருந்தால் இதைவிட மூளை இருக்கும்" என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை. கரண்ட் வரட்டும் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

மத்தியானம் தாண்டி, காற்றாடி ஒரு முறை உறுமிச் சுழன்றது. எல்லோரும் மேலே பார்த்தோம். பலகையை இரண்டு மேசைகளுக்கு மேல் வைத்தார்கள். ஒடிந்த வயரைப் பல்லால் சீவி முறுக்கினேன். திருகினேன். எஞ்சின் நகர்ந்தது. ஸ்டேசனைத் தாண்டி, சிக்னலைத் தாண்டிப் போனது. வளைவு வந்தது. கடைசிப் பெட்டி ஆடியது, ஆடி, நிமிர்ந்து, போனது. தீக்குச்சிப் பாலத்தில் ஏறி இறங்கியது. மூன்று சுற்று ஓடவிட்டேன். நாலாவது சுற்று வரமுன் கையை எடுத்துவிட்டேன்.

இன்ஸ்பெக்டர் விரலால் பாலத்தைத் தொட்டார்.

"கோச்சி வைத்துக்கொள். இந்த இடம் வேண்டாம். எந்த இடமும் வேண்டாம். விளங்கியதா?"

படிவத்தை ஒரு கோப்புக்குள் வைத்துப் பூட்டினார். வேறு படிவம் எழுதி முத்திரை குத்தித் தரச் சொன்னார். பெரிய ரோட்டான காலி வீதியைக் கடக்கும்போதுதான் அம்மா வாய் திறந்தா.

"எரிச்சாச்சு எண்டியள்."

"ஓம்."

"இனி எனக்குப் பொய் சொல்லாதேங்கோ. பயத்தை நான் தாங்குவன். உங்கடை பொய்யைத் தாங்க ஏலாது."

அன்று பின்னேரமே பாலத்தைப் பிடுங்கினேன். ஸ்டேசன் பலகையைக் கழற்றினேன். கோச்சி வட்டமாகச் சுற்றியது. "பாலம் எங்கை அப்பா?" என்று இரண்டு நாள் கேட்டாய். மூன்றாம் நாள் கேட்கவில்லை. நான் பாதை வழியே நடப்பதை விட்டு காலி வீதியால் போகத் தொடங்கினேன். காலுக்கு மட்டும் அது விளங்கவில்லை. நடைபாதைக் கற்களை எண்ணிக்கொண்டு போனது.

சின்னவள் பிறந்து சில மாதத்துக்குப் பிறகு, பள்ளிக்கூடத்தில் 'எங்கள் வீட்டுச் சூழல்' என்று படம் கீறிக்கொண்டு வரச் சொன்னார்கள். நீ கட்டிலில் குப்புறப் படுத்துக் கீறிக்கொண்டிருந்தாய். எட்டிப் பார்த்தேன். கடல், கோச்சி, பாலம், தூண்கள். கோச்சிக்குக் கீழே உன் கையெழுத்தில் எண்கள். நாங்கள் மாறி மாறி எண்ணினவை. நீ ஒன்றையும் மறக்கவில்லை.

நான் அந்தத் தாளைப் பறித்துக் கிழித்தேன். நான்காக, எட்டாக, எண் ஒன்றுகூடத் தெரியாதபடி. அம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்று பார்த்தா, தடுக்கவில்லை.

நீ அழவில்லை. கலர்ப் பென்சிலைக் கையில் பிடித்தபடி, "எண்ணினது பிழையோ அப்பா?" என்று கேட்டாய்.

"ஓம், பிழை" என்றேன்.

அதற்குப் பிறகு நீ கணக்குச் செய்யும்போதெல்லாம் விடையை எழுதமுன் என் முகத்தைப் பார்ப்பாய். பத்தாம் வகுப்பு வரை அப்படித்தான் பார்த்தாய். அம்மா அதற்கு உன்னை ஏசியிருக்கிறா, நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். நீ எண்ணினதில் ஒரு பிழையும் இல்லை, பிள்ளை. சிக்னலில் இருந்து பாலம் வரை நீ எழுதிய அத்தனையும் சரி.