தகவலாளி எண் ஏழு

என் ஆய்வேடு புத்தகமான பிறகு மூன்று மதிப்புரைகள் வந்தன. முதலாவது, பின்னட்டைக்கு நானே எழுதிய வாசகங்களை எனக்கே திருப்பித் தந்து பாராட்டியது. நடை நன்றாகவே இருந்தது. இரண்டாமவர் பாதிப் பக்கம் தம் புத்தகத்தைப் பற்றிப் பேசிவிட்டு, என் அட்டைப்படத்து மாங்காய்க் கூடை அழகு என்று முடித்திருந்தார். திருப்பதியில் நான் பாடம் எடுக்கும் கல்லூரியின் துறைத்தலைவரிடம் இரண்டையும் கொடுத்தேன். படிக்காமலே மகிழ்ந்தார்.

மூன்றாமவருக்குப் புத்தகத்தைப் படிக்கும் கெட்ட பழக்கம் இருந்தது.

எங்கள் பக்கத்து மாங்காய் மண்டியில், மண்டிக்காரரும் வியாபாரியும் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுவார்கள். காய் கொண்டுவந்த விவசாயி, மண்டிக்காரர் பிறகு சொல்லும் விலையை வாங்கிக்கொண்டு போவார். இதில் ஏமாற்றே இல்லை, எல்லாம் நம்பிக்கை என்பது என் மூன்றாம் அத்தியாயம். புத்தகமே அதன் மேல்தான் நிற்கிறது. ஆதாரம், தகவலாளி எண் ஏழு தந்த பேட்டி.

‘இவர் எதையோ மறைக்கிறார், ஆசிரியரோ மறுகேள்வி கேட்கவே தயங்குகிறார்’ என்று அந்த மூன்றாமவர் எழுதியிருந்தார்.

எண் ஏழு என் அப்பா, எங்கள் வீட்டு வழக்கில் நைனா. மண்டியில் காய் தரம் பிரிப்பவர். ஆய்வு நெறிப்படி பெயரை மறைத்தேன். உறவையும் மறைத்தது என் சொந்தப் பங்களிப்பு. எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். நைனாவிடம் மறுகேள்வி கேட்பதை எந்த வகுப்பிலும் நடத்தவில்லை.

களம் அறியாத மேதாவி என்று நாலு பக்கம் பதில் எழுதினேன். அனுப்பும் முன், ஞாயிற்றுக்கிழமை சித்தூர் வீட்டுக்குப் போய் நைனாவிடம் அந்த ஆங்கில மதிப்புரையைத் தமிழில் சொன்னேன். நைனாவின் கோபத்தையும் பதிலில் ஒரு வரி சேர்க்கலாமே.

எழுதியவர் எந்த ஊர் என்று கேட்டார். டெல்லி என்றேன்.

“அங்க உக்காந்துகினே கண்டுபுடிச்சிட்டாரு பாரு.”

“அப்ப நீ சொன்னது பொய்யா நைனா?”

“அன்னிக்கு மண்டிக்காரரு பக்கத்துல நின்னுகினு கீறாரு, நீ போனை மூஞ்சிக்கு நேரா நீட்டற. வேற இன்னாடா சொல்லுவேன்? அப்பறமா வூட்ல வந்து கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். நீதான் கேக்கல.”

இப்போது கேட்டேன். என் கை மேல் துண்டைப் போட்டு, வியாபாரியிடம் பிடிக்கும் விலை எது, விவசாயியிடம் சொல்லும் விலை எது என்று விரல் விரலாகக் காட்டினார். நாலு வருட ஆய்வு பத்து நிமிடத்தில் முடிந்தது.

“இதெல்லாம் புக்குல போட்டுடாத. நாளைக்கும் நான் அங்கதான் வேலைக்குப் போவணும்.”

பதிலை அழித்தேன். மலிவுப் பதிப்பு வருகிறது, திருத்தம் ஏதாவது உண்டா என்று பதிப்பாளர் கேட்டிருந்தார். எதுவும் இல்லை என்று எழுதினேன்.