பகல் தூக்கத்துக்கு ஒரு படுக்கையறை

போன மாதம் என் மச்சான் சவரிமுத்து ஆறு மணி நேரம் தொடர்ந்து தூங்கினார். இதெல்லாம் ஒரு செய்தியா, இதற்கா பத்திரிகையில் இடம் என்று நீங்கள் கேட்கலாம். கேளுங்கள்... அந்த ஆறு மணி நேரத்தைக் கொண்டுவர நாங்கள் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும்!

மச்சான் என்றால் என் தங்கை ரோசம்மாவின் கணவர். கொட்டகலைக்கு மேலே ஒரு தோட்டத்தில், ஸ்டோரில் வேலை. தேயிலைத் தொழிற்சாலையைத்தான் எங்கள் பக்கத்தில் ஸ்டோர் என்போம். பகலில் பறித்த கொழுந்து வாடி, இரவில்தான் ரோலர் மெஷினுக்கு வரும். ஆகவே மச்சானுக்கு இரவு வேலை. ஊரே எழுந்து, அன்றைய வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகும் நேரத்தில் அவர் வந்து படுக்க வேண்டும்.

படுக்கத்தான் செய்கிறார். தூக்கம்தான் இல்லை. இரண்டு மாதமாகக் கண் இரண்டும் கோவைப்பழம். ஒருநாள் ரோலர் பக்கத்தில் நின்றபடியே கண்ணயர்ந்துவிட்டார். ஓடுகிற பெல்ட்டுக்கும் அவர் கைக்கும் நடுவே நாலு விரல்கடை தூரம்தானாம். பக்கத்தில் இருந்தவர் சட்டையைப் பிடித்து இழுத்திராவிட்டால்... வேண்டாம், அதை எழுத எனக்கு மனமில்லை.

ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா நல்ல மனிதர்தான். ஆனாலும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "இன்னொரு வாட்டி தூங்கி விழுந்தா மலை வேலைக்கு அனுப்பிடுவேன் சவரிமுத்து. ஒன் கை போச்சுன்னா யாருப்பா பொறுப்பு?"

மெஷினின் சத்தத்தை வைத்தே அதற்கு என்ன நோவு என்று சொல்லக்கூடியவர் என் மச்சான். அவரைக் கொண்டுபோய்ப் புல்வெட்டச் சொன்னால் எப்படி இருக்கும்?

இந்தச் சமயத்தில்தான் பள்ளிக்கூட விடுமுறைக்கு நான் தங்கை வீட்டுக்குப் போனேன். நான் ஹட்டனில் மாஸ்டர் என்பது உங்களுக்குத் தெரியும். எல்லாம் தெரிந்தவன் என்று நினைத்துக்கொண்டிருப்பவன் என்பதும் தெரியும்! போதாக்குறைக்கு, எங்கள் பள்ளி விஞ்ஞான மாஸ்டர் கொடுத்த ஓர் ஆங்கிலப் பத்திரிகை கையில் இருந்தது. அதிலே படம் போட்டு ஒரு கட்டுரை: நல்ல தூக்கத்துக்குப் படுக்கையறையை எப்படி அமைக்க வேண்டும்?

சுவருக்கு இளநீல வர்ணம் அடிக்க வேண்டுமாம். ஜன்னலுக்கு மெல்லிய வெள்ளைத் திரை வேண்டுமாம். படுக்கையறையில் சாப்பிடக்கூடாது, சமையல் வாசனை வரக்கூடாது, வேறு எந்த வேலையும் செய்யக்கூடாது. முக்கியமாக, கதவைச் சாத்தி வெளியுலகத்தை வெளியே நிறுத்த வேண்டுமாம்.

எல்லாம் சரி. ரோசம்மாவுக்கு இருப்பது லயத்து வரிசை வீட்டில் ஒரே ஒரு காம்பரா, அதாவது ஓர் அறை. முன்னால் இஸ்தோப்பு என்கிற சின்னத் திண்ணை. அந்த ஒரு காம்பராவில்தான் அடுப்பு, விறகு, பெட்டி, மாதா படம், இரண்டு பிள்ளைகள், கணவன், மனைவி. சமையலறை வேண்டாம் என்று விரட்டினால் அது எங்கே போகும்? பாவம், அந்தக் கட்டுரையை எழுதியவர் லயத்தைப் பார்த்திருக்க மாட்டார்.

ஆனாலும் நான் விடுவேனா? தேயிலைப் பெட்டிக்கு உதவாதென்று கழித்த பலகைகளை டீமேக்கர் ஐயாவிடம் கேட்டு வாங்கினோம். அதில் ஒரு கட்டில், ஆள் உயரத்துக்கு ஒரு தட்டி. சாக்கினுள் காய்ந்த மானாப்புல்லைத் திணித்து மெத்தை. படுத்துப் பார்த்தேன்... சொன்னால் நம்பமாட்டீர்கள், ஹட்டனில் என் கட்டிலைவிட அது சுகமாக இருந்தது.

திரைத்துணிக்குக் கொட்டகலைக் கடைவீதியில் ஒரு முஸ்லிம் நானாவின் துணிக்கடைக்குப் போனேன். பத்திரிகையில் சொன்னபடி வெள்ளைத் துணி கேட்டேன். எதற்கு என்று விசாரித்தார். சொன்னேன்.

நானா சிரித்துவிட்டார். "பகல்ல தூங்குற மனுசனுக்கு வெள்ளைத் துணியா மாஸ்டர்? அது வெளிச்சத்தக் கூப்பிட்டு ஒக்கார வைக்குமே! இந்தக் கருநீலத்த எடுங்க."

விஞ்ஞானம் எனக்கும் கொஞ்சம் தெரியும் என்று காட்டிக்கொள்ள ஆசைதான். என்ன செய்வது, நானா சொன்னது சரியாக இருந்தது. கருநீலத்தையே தாராளமாக வாங்கிவந்து, நாலாக மடித்து, ஒரு சாண் அகலமுள்ள அந்த ஜன்னலுக்குக் கட்டினேன்.

மறுநாள் காலை ரோசம்மா கொழுந்துக்குப் போனாள். பிள்ளைகள் விளையாட ஓடினார்கள். மச்சானைப் புதுக் கட்டிலில் படுக்கவைத்து, கதவை இறுகச் சாத்தினேன். உள்ளே நல்ல இருட்டு. கதகதப்பு வேறு. 'இனி என்ன, வெற்றிதான்' என்று ஸ்டேஷன் பக்கம் காலாறப் போனேன்.

ஒரு மணி நேரத்தில் திரும்பிவந்தால், இஸ்தோப்பில் கூட்டம்! கதவு திறந்து கிடக்கிறது. மச்சான் கட்டிலில் உட்கார்ந்து, அழாத குறையாக மல்லித்தண்ணி குடித்துக்கொண்டிருக்கிறார். சுற்றிலும் நாலு பெண்கள். ஒருத்தி நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறாள். இன்னொருத்தி கொழுந்து மலைக்கு ஆள் அனுப்பி ரோசம்மாவைக் கூப்பிடலாமா என்று கேட்கிறாள்.

"என்னம்மா இது? அவரைத் தூங்க விடக்கூடாதா?" என்றேன்.

பக்கத்துக் காம்பரா மாரியாயி, கைக்குழந்தையோடு வீட்டில் இருப்பவள். அவள் என்னைப் பார்த்த பார்வையில் நான் ஒரு சுற்றுக் குறைந்துபோனேன். "என்னங்க மாஸ்டர் இப்படிப் பேசுறீங்க? பட்டப்பகல்ல ஒரு காம்பரா கதவு சாத்திக் கெடக்குது. உள்ள ஆளு இருக்குன்னும் தெரியுது. என்னமோ ஏதோன்னு பதறாம, பாத்துக்கிட்டு சும்மா இருக்கச் சொல்றீங்களா? அது மனுசத்தனமா?"

உண்மைதான். எங்கள் லயங்களில் பகலில் யார் கதவைச் சாத்துகிறார்கள்? வீட்டில் ஆள் இருக்கும்போது சாத்தினால் ஒன்று கடும் நோய், அல்லது கெட்ட செய்தி. இது எனக்குத் தெரியாதா? லயத்தில் பிறந்தவன்தானே நானும்! ஹட்டன் குவார்ட்டர்ஸ் வாழ்க்கையில் மறந்து தொலைத்திருக்கிறேன். மச்சானிடம் விசாரித்தபோது விஷயம் வெளியே வந்தது. இரண்டு மாதத்துக்கு முன் ஸ்டோரில் யாரோ, பகலில் தூங்குவதென்றால் கதவைச் சாத்திப் படு என்று யோசனை சொன்னார்களாம். அன்று பிடித்த சனியன்தான் இது. தினமும் இரண்டு மூன்று பேர் தட்டி நலம் விசாரிக்கிறார்கள். அன்பாக வருகிறவர்களிடம் எரிந்துவிழ அவருக்கு வாய் வரவில்லை.

நான் தோற்றுப்போகிற ஆளா? அடுத்த நாள் ஒரு தாளில் பெரிய எழுத்தில், 'தூங்குகிறார். தயவுசெய்து தட்ட வேண்டாம்' என்று எழுதிக் கதவில் ஒட்டினேன்.

விளைவு? எழுத்துத் தெரியாதவர்கள் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கத் தட்டினார்கள். எழுத்துத் தெரிந்த ஒருவர் எல்லோருக்கும் கேட்கும்படி உரக்க வாசித்தார். தூரத்தில் இருந்து பார்த்த கங்காணி, வீட்டில் அம்மை போட்டிருக்கிறது, அதுதான் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டார். மத்தியானத்துக்குள் தோட்டத்து மருந்துக்காரர் பையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். மச்சான் வாயைத் திறந்து நாக்கைக் காட்ட வேண்டியதாயிற்று.

அன்று மாலை மச்சான் வேலைக்குக் கிளம்பும்போது ரோசம்மா வாசலுக்கு வந்தாள். அவருடைய கையைப் பிடித்து, விரல்களை ஒருதரம் தடவிவிட்டாள். அவ்வளவுதான். பார்த்துக்கொண்டிருந்த எனக்கு வெட்கமாக இருந்தது. நான் விளையாட்டுப் போல அறை ஜோடித்துக்கொண்டிருக்கிறேன். அவளோ ஒவ்வொரு விடியலிலும் முழுசாக வருவாரா என்று வாசலில் நிற்கிறாள்.

மூன்றாம் நாள் விடிந்ததும், கொழுந்துக்குப் போகுமுன் அவளே வேலையில் இறங்கினாள். என் நோட்டீசைக் கிழித்து அடுப்பில் போட்டாள். கட்டிலைத் தட்டிக்குப் பின்னால் மூலைக்குத் தள்ளினாள். ஜன்னலின் மரப்பலகையைச் சாத்தி, கருநீலத் துணியை அவிழ்த்துக் கட்டிலைச் சுற்றித் தொங்கவிட்டாள். கடைசியாக வாசல் கதவை அகலத் திறந்து, காற்றில் மூடாமல் ஒரு கல்லும் வைத்தாள்.

"ஏம்மா, கதவைத் திறந்து போட்டால் எல்லோரும் உள்ளே வரமாட்டார்களா?" என்றேன்.

"வரமாட்டாங்கண்ணே. கதவு தெறந்து கெடந்தா வீட்ல எல்லாம் நல்லாருக்குன்னு அர்த்தம். நல்லாருக்கிற வீட்டுல யாருக்கு என்ன வேல?"

இஸ்தோப்பில் காவல் இருந்தேன். கூடையோடு போனவர்கள் ஒரு பார்வை பார்த்தார்கள், போனார்கள். மாரியாயி அடுப்பு நெருப்புக்காக உள்ளே வந்து, இரண்டு கங்குகளை எடுத்துக்கொண்டு, திரையைக்கூடத் தொடாமல் போய்விட்டாள். சுவர்தான் கூரைவரை எழும்பவில்லையே — அடுத்த காம்பராவில் அவள் குழந்தை வீரிட்டு அழுதது. 'போச்சு!' என்று நான் பல்லைக் கடித்தேன். உள்ளே இருந்து வந்தது குறட்டை!

ஆறு மணி நேரம் கழித்து எழுந்தபிறகு கேட்டதற்கு மச்சான் சொன்னார்: "சத்தம் என்னா செய்யும் மச்சான்? ராவெல்லாம் மெஷினுக்குள்ளதானே நிக்கிறேன். சத்தம் நின்னாத்தான் பெல்ட்டு அறுந்துபோச்சோன்னு முழிச்சுக்குவேன். ஆளு வந்து தட்டுறதுதான் ஆகல."

நாலு நாள் இப்படித் தூங்கினார். கண்ணில் சிவப்பு வடிந்தது. ஐந்தாம் நாள் விடிகாலை, ஸ்டோரிலிருந்து சிரித்துக்கொண்டே வந்தார். டீமேக்கர் ஐயா இவர் முகத்தைப் பார்த்துவிட்டு, ரோலரிலேயே இரு என்று சொல்லிவிட்டாராம். ரோசம்மா அன்று அவசரமாகக் கொழுந்துக்கு ஓடியவள், பாதி வழியிலிருந்து திரும்பிவந்து மாதா படத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டுப் போனாள். எனக்கும் மனசு நிறைந்துவிட்டது.

கிளம்பும்போது என் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் வரும் ரோட்டுவரை வந்தாள் ரோசம்மா. திடீரென்று கேட்டாள்:

"ஏண்ணே, ஹட்டன்ல நீங்க ஒத்தையில கதவச் சாத்திக்கிட்டுத்தானே படுக்கிறீங்க? யாராச்சும் வந்து தட்டுவாங்களா?"

யோசித்துப் பார்த்தேன். எட்டு வருடத்தில் ஒருவர்கூடத் தட்டியதில்லை. என் தூக்கமும் ஒருநாளும் கெட்டதில்லை. அந்தச் சுகத்தை இவ்வளவு நாளும் பெருமையாக நினைத்திருந்தேன்... பஸ் வந்துவிட்டது, நல்லவேளை.

இப்போதெல்லாம் வீட்டில் இருக்கும்போது பகலில் என் கதவைத் திறந்தே வைக்கிறேன். இதுவரை உள்ளே வந்தது பக்கத்து வீட்டுக் கோழி ஒன்றுதான். பரவாயில்லை, ஆரம்பம் மோசமில்லை!