இருநூற்றைம்பதில் தப்பிய மூஸ்

நான் ஒரு நாளும் துவக்குத் தூக்கியதில்லை. வெள்ளிக்கிழமைகளில் முட்டைகூடத் தொடமாட்டேன். ஆனாலும் பிரெஞ்சு பேசும் டோர்வல் பக்கம் ஒரு வேட்டைச் சாமான் கடையில் பத்தொன்பது வருடம் பைனாகுலர் விற்றேன். இப்போது அந்தக் கவுண்டரில் நிற்கும் பிள்ளைகள் கேட்டதால் இதை எழுதுகிறேன்.

முதல் நாள்

முதலாளி காஸ்தோன் பிரெஞ்சில் கேட்டதை எங்கள் பாஷையில் எழுதுகிறேன்.

"வேட்டைக்குப் போயிருக்கிறியோ?"

"இல்லை."

"நல்லது. வேட்டைக்காரரை வேலைக்கு வைச்சால் தங்கடை கதையைச் சொல்லிக்கொண்டு நிப்பாங்கள். உன்னட்டைக் கதை இல்லை. நீ விப்பாய்."

எனக்குத் தந்தது தூரம் அளக்கும் பைனாகுலர் பகுதி. பட்டனை அமத்தினால் கண்ணுக்குத் தெரியாத லேசர் போய், மிருகத்திலோ இலக்குப் பலகையிலோ பட்டுத் திரும்பும். தூரம் எத்தனை என்று கண்ணுக்குள்ளேயே இலக்கம் விழும். பெட்டியில் 'இரண்டாயிரம்' என்று போட்டிருப்பார்கள். அது பளபளக்கும் பெரிய பலகைக்கு. மழையில் நனைந்த மிருகத்தின் மயிரில் அதில் பாதி கிடைத்தாலே பெரிய காரியம். உருப்பெருக்கம் எட்டு, பத்துக்கு மேலே போனால் கை நடுக்கமும் சேர்ந்து பெருகும். இதையெல்லாம் நான் ஒவ்வொருவருக்கும் சொன்னேன். ஒவ்வொருவரும் பொறுமையாகக் கேட்டுவிட்டுப் பெரிய இலக்கம் போட்ட பெட்டியை எடுத்துக்கொண்டு போனார்கள்.

சிவபாலன்

சிவபாலன் விமானங்களுக்குச் சாப்பாடு அனுப்பும் நிறுவனத்தில் சூப்பர்வைசர். ஒரு செப்டம்பரில் மூச்சு வாங்க ஓடி வந்தார். அவருடைய டைரக்டர் பெனுவா அவரை மூஸ் வேட்டைக்குக் கூப்பிட்டிருந்தார். மூஸ் என்றால் குதிரையை விட உயரமான மான். அந்த வேட்டைக்கு அழைக்கப்பட்ட முதல் தமிழர் தான்தான் என்று இரண்டு தரம் சொன்னார். சுடுவது பெனுவா. அளந்து சொல்வது இவர்.

"அண்ணை, கடையிலை ஆகப் பெரிசு எது?"

"தம்பி, எட்டு எடும். பாரமில்லை, நடுங்காது."

"எட்டோ? பெனுவாவே பத்து வைச்சிருக்கிறார்."

"அப்ப நீர் பதினைஞ்சு வாங்கப் போறீரோ?"

"ஓம்!"

வாங்கினார். அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போட்டோ எடுக்கச் சொன்னார். முன்னால், பக்கவாட்டில், தூரத்தைப் பார்க்கிறமாதிரி. எடுத்துக் களைத்ததில் ஒன்றை மறந்துபோனேன். அந்தப் பைனாகுலர்கள் மீட்டரை விடச் சின்னதான யார்ட் கணக்கில் வரும். கட்டிக் கொடுக்க முன் மீட்டருக்கு மாற்ற வேண்டியது என் வேலை.

கடிதம்

மூன்று கிழமை கழித்து வந்தபோது சிவபாலனின் முகம் வெளிறிப்போயிருந்தது.

"அண்ணை, என்ரை வேலை போகப்போகுது."

நடந்தது இது. வாவிக்கரை வெளியில் மூஸ் வந்து நின்றிருக்கிறது. பெனுவா குசுகுசுத்தார்: "எவ்வளவு?" இவர் "இருநூற்றைம்பது" என்றார். பெனுவா சுட்டார். மூஸ் திரும்பி இவர்களைப் பார்த்துவிட்டு ஆறுதலாகக் காட்டுக்குள் நடந்து போனது. பிறகு முகாமில் யாரோ பைனாகுலரை வாங்கிப் பார்த்து, இலக்கத்துக்குப் பக்கத்தில் சின்னதாக இருந்த 'Y' எழுத்தைக் காட்டியிருக்கிறார்கள். திங்கட்கிழமை அலுவலகத்தில் பெனுவா எல்லாருக்கும் கேட்கச் சொன்னாராம்: "யார்டுக்கும் மீட்டருக்கும் வித்தியாசம் தெரியாத ஆளை நம்பி எப்படி ஷிப்டைக் குடுக்கிறது?"

"மெஷின் பழுது எண்டு ஒரு கடிதம் தாங்கோ அண்ணை. ரெண்டு பிள்ளையள் எனக்கு."

மெனுவைத் திறந்தேன். யார்ட். மெஷின் சுகமாக இருந்தது. பழுது நான்.

 ஆனாலும் அவ்வளவால் ஒரு மூஸ் தப்புமோ என்று சந்தேகம் வந்து, எத்தனை தூரத்தில் குண்டு எவ்வளவு இறங்கும் என்று காட்டும் அட்டவணையைத் தோட்டாப் பகுதியிலிருந்து எடுத்துப் பார்த்தேன். இருநூற்றைம்பது யார்டை மீட்டர் என்று எடுத்தால் குண்டு நாலு விரல் உயரப் போகும். மூஸின் உடம்போ ஒரு கதவளவு. நாலு விரல் பிழைக்குக் கதவைத் தவறவிட ஏலாது.

சிவபாலனுக்குக் கணக்கைக் காட்டினேன். அவருக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.

"அப்ப... அவருக்குச் சுடத் தெரியாதோ?"

"அதைப் போய் அவரிட்டைச் சொல்லப் போறீரோ?"

"ஐயோ, வேண்டாம்."

காஸ்தோனிடம் போனேன். வேலை போகும் என்று நினைத்துக்கொண்டு, மறந்தது நான்தான் என்றேன். அவர் அட்டவணையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"பிழை உன்ரை எண்டு எழுது. விரல் கணக்கை எழுதாதை. சுடத் தெரியாதவங்கள்தான் எங்கடை நல்ல கஸ்டமர்."

எழுதினேன். விற்பனையாளர் மீட்டருக்கு மாற்ற மறந்துவிட்டார், சிவபாலன் மேல் தவறில்லை. பொய்யான ஒரு சொல்லும் அதில் இல்லை. ஆனாலும் கையெழுத்துப் போடும்போது கூச்சமாக இருந்தது.

சனிக்கிழமை பெனுவாவே கடிதத்தோடு வந்தார். கோபம் இல்லை. ஆள் பத்து வயது குறைந்தமாதிரி இருந்தார்.

"நீதானோ அந்த ஆள்?"

"ஓம், மிஸ்யூ." பிரெஞ்சில் அது 'ஐயா'.

கடையில் நின்ற எல்லாருக்கும் கதையைச் சொன்னார். சொல்லச் சொல்ல மூஸின் கொம்பு அகன்றது. முடிவில் என் தோளில் தட்டி, "நேர்மையான ஆள்" என்றார். காஸ்தோன் அவருக்குக் கடையில் இருந்ததிலேயே விலை கூடிய பைனாகுலரை விற்றார். சிவபாலனின் ஷிப்ட் தப்பியது. அதன்பிறகு வேட்டையில் அவருக்குச் சமையல் மட்டும்தான். கொத்துரொட்டி போட்டுப் பெரிய பெயர் எடுத்தார்.

பிள்ளைகளே, நான் படித்தது இதுதான். கட்டிக் கொடுக்க முன் மீட்டரா என்று பாருங்கள். பெட்டியில் உள்ள இலக்கத்தைப் பாதியாக்கிச் சொல்லுங்கள். தூரத்தைத்தான் இந்தச் சாமான் அளக்கும், ஆளை அளக்காது. அதையும் தெரிந்து விற்றால், பிழையை யார் தலையில் கட்டுவார்கள் என்பது முன்கூட்டியே தெரியும்.

அடுத்த வருட ஒக்டோபரில் பெனுவா புதுப் பைனாகுலரோடு வந்து நின்றார். இந்த முறையும் மூஸ் தப்பியிருந்தது. வாங்கிப் பார்த்தேன். மீட்டரில்தான் இருந்தது. நானே மாற்றிக் கொடுத்தது. அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"வேறை ஏதாவது பட்டனை மாத்த மறந்திருப்பியோ?"

"இருக்கலாம், மிஸ்யூ" என்றேன்.