எடுத்துக் கொடுக்காத வசனம்

எங்கள் ஊர்ப் பள்ளிவாசலில் இருபது வருடம் தொழவைத்தவர் மௌலவி சிப்கத்துல்லாஹ். கால்வாய்த் தண்ணீரைத் தன் தோட்டத்துக்குத் திருப்பிய ஊர்ப் பண்ணையார் கானைத் திட்டி வெள்ளிதோறும் பேசுவார். அந்தப் பேச்சுக்காகவே கட்சி அவரைத் தேர்தலில் நிறுத்தியது, ஜெயித்தார். பெஷாவர் சட்டசபைக்குப் போன மூன்றாம் மாதம் அவர் கட்சி கானின் கட்சியோடு சேர்ந்துகொண்டது. கை தூக்கச் சொன்னார்கள், தூக்கினார்.

அதற்குப் பிறகு முதல்முறையாக ஒரு வெள்ளியன்று ஊருக்கு வந்தார். அவரோடு வந்த துப்பாக்கிக் காவலர் வாசலில் செருப்போடு நின்றார். மௌலவி ஜும்மா தொழவைத்தார். வழக்கமாக ஓதும் அத்தியாயம்தான், நடுவில் நின்றுபோனது. இப்படி நின்றால் முதல் வரிசையிலிருந்து, பாங்கு சொல்லும் மோதினார் குல் மர்ஜான் அடுத்த சொல்லை எடுத்துக் கொடுப்பார். அன்று கொடுக்கவில்லை. எனக்கும் அந்த வசனம் தெரியும். நாக்கு அசையவில்லை. பயமா, கோபமா, தெரியவில்லை. மௌலவி அத்தோடு ருகூவுக்குக் குனிந்தார்.

தொழுகை முடிந்ததும் திரும்பி உட்கார்ந்தார்.

"ஏன் மர்ஜான், தூங்கிட்டியா?"

"இல்லீங்க மெம்பர் சாகிப்."

"மெம்பரா? நேத்து வரைக்கும் மௌலவிதானே?"

"வாசல்ல துப்பாக்கி நிக்குதே. மெம்பரைத் திருத்தலாமான்னு தெரியல."

பின்வரிசையில் யாரோ முனகினார்: "அங்க கட்சிக்காரன் எடுத்துக் கொடுப்பான்ல, இங்கயும் கூட்டிட்டு வர வேண்டியதுதானே."

சிலர் சிரித்தார்கள். மௌலவி சிரிக்கவில்லை. "இனிமே என் பின்னாடி நிப்பீங்களா, மாட்டீங்களா? அதைச் சொல்லுங்க."

"அதை நீங்கதான் சொல்லணும்," என்றார் மர்ஜான். "நீங்க யாரு பின்னாடி நிக்கிறீங்கன்னு எங்களுக்குப் புரியல."

சாயங்காலம் அசர் தொழுகைக்கு மௌலவி காவலரைக் காரோடு அனுப்பிவிட்டு வந்தார். முன்னால் போகாமல் இரண்டாம் வரிசையில் என் பக்கத்தில் நின்றார்.

"நீயே தொழவை மர்ஜான்."

"நானா?"

"நீதான்."

மர்ஜான் தயங்கித் தயங்கி முன்னே போனார். நான்கு ரக்அத் தொழ வேண்டியதில் மூன்றாம் ரக்அத்திலேயே மறந்துபோய்க் கடைசி இருப்பில் உட்கார்ந்துவிட்டார். வரிசைகள் சும்மா இருந்தன. என் தோளோரம், தொழவைப்பவருக்குத் தவறை உணர்த்தும் சொல்லை மெதுவாகச் சொன்னது ஒரு குரல்: "சுப்ஹானல்லாஹ்."

மர்ஜான் எழுந்தார், நாங்களும் எழுந்தோம்.

வெளியே செருப்பைத் தேடும்போது இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. அடுத்த வெள்ளி யார் முன்னால் நிற்பார் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.