நான்கு பிளக்கும் ஒரு பதுவாவும்

சோதனைச் சாவடிக்கு முன்னால் என் கார் வெடித்தது. குண்டு இல்லை, சைலன்சர்தான். ஆனால் யுத்தம் முடியப்போகிற அந்த வருடத்தில் அந்த வித்தியாசத்தை யார் நின்று யோசிப்பார்கள்? மணல் மூட்டைக்குப் பின்னால் நின்ற ஆமிக்காரன் நிலத்தில் விழுந்து படுத்தான். பிறகு எழும்பி ஓடிவந்து என்னை வெளியே இழுத்துப் போட்டு, சுடாமல் துவக்குப் பிடியால் அடித்தான். நெஞ்சில், தோளில், வாயில். இரண்டு பல் போய்விட்டது. முன் சீட்டில் நிறைமாதமாக இருந்த என் மனைவி கத்திய கத்தல் சாய்ந்தமருது வரை கேட்டிருக்கும்.

அதன்பிறகு ஒரு வாரம், ஐந்து வேளைத் தொழுகையிலும் அவள் அவனுக்குப் பதுவா செய்தாள். கையை ஏந்தி, "யா அல்லாஹ், அவன்ட கை விளங்காமப் போகணும், அவன் ஊட்டுக்கு மையித்தாத்தான் போகணும்" என்று, அவன் பிணமாக வீடு திரும்ப அழுதழுது கேடு கேட்டாள். நான் தடுக்கவில்லை. கேட்க இதமாகத்தான் இருந்தது.

வயிற்றில் பிள்ளை குறுக்காகக் கிடந்தது. அம்பாறை ஆசுபத்திரியில் வெட்டித்தான் எடுக்க வேண்டும் என்று நாள் குறித்துவிட்டார்கள். அதே சாவடியைத் தாண்டித்தான் போக வேண்டும். கார் இன்னொரு தடவை வெடித்தால் அடித்ததோடு விடமாட்டார்கள். வேறு வாகனம் பிடித்திருக்கலாம், என் வீம்பு விடவில்லை. போவதற்கு முதல் நாள் பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு, எஞ்சினின் நாலு ஸ்பார்க் பிளக்கையும் மாற்ற முற்றத்தில் பொனட்டைத் திறந்தேன்.

இரண்டு பிளக் சுகமாகக் கழன்றன. மூன்றாவது அசையவில்லை. சுனாமியில் கடல் தண்ணீர் குடித்த எஞ்சின் அது, உப்பு ஊறித் துரு பிடித்துக் கிடந்தது. ஸ்பேனரில் இரும்புக் குழாயைக் கொழுவி ஏறி மிதித்தேன். வழுக்கி விரல் முட்டி கிழிந்து இரத்தம் வந்தது. "நாசமாப் போன சாமானே!" என்று சுத்தியலால் அடித்தேன். பிளக்கையா அடித்தாய், அந்த ஆமிக்காரனின் முகத்தையா என்று கேட்டால், முகத்தைத்தான். பிளக்கின் வெள்ளைப் பீங்கான் நொறுங்கித் தெறித்தது. இன்னும் நாலு மிதி மிதித்துத்தான் அதன் உடைந்த மிச்சத்தைக் கழற்றினேன்.

தேத்தண்ணியோடு வந்தவள், கழற்றிப் போட்டிருந்த ஒரு பிளக்கை எடுத்து மணந்து பார்த்தாள். அவள் விரலெல்லாம் கரி.

"இதென்ன, மண்ணெண்ண நாறுது?"

எங்கள் பக்கத்தில் அப்போது பலர் செய்ததுதான். பெற்றோலோடு மண்ணெண்ணெயைக் கலந்து ஓடுவது. அது முழுக்க எரியாது. பிளக்கில் கரி கட்டும், எரியாத மிச்சம் சைலன்சருக்குள் போய் வெடிக்கும். எனக்குத் தெரியும். மாதக்கணக்காகத் தெரியும்.

"ஓம், கலந்தன். இப்ப என்ன?"

"அப்ப வெடிச்சது உங்கட வேலையா? அல்லாஹ்வே! ஆர்ல பிழை எண்டு தெரியாம பதுவா செஞ்சிட்டனே. நியாயமில்லாத பதுவா கேட்டவளுக்கே திரும்பி வருமே. என்ட வயித்துல புள்ள இரிக்கே!"

"வாயப் பொத்து!" ஸ்பேனரை ஓங்கிவிட்டேன். அல்லாஹ் மீது ஆணையாக, பிள்ளைத்தாச்சிக்கு முன்னால் ஓங்கிவிட்டேன்.

அவள் விலகவில்லை. "அடிங்க. அவன் பயத்துல அடிச்சான். நீங்க எதுக்கு அடிக்கிறீங்க?"

கை தானாக இறங்கியது. வெட்கத்தில் அவள் முகத்தைப் பார்க்காமல் நான்காவதையும் கழற்றி, புதுப் பிளக்குகளைப் பூட்டினேன். டாங்கியில் கிடந்ததை வடித்துவிட்டுத் தனிப் பெற்றோல் நிரப்பினேன்.

காலையில் கார் ஒரு சத்தமும் இல்லாமல் ஓடியது. சாவடியில் நிறுத்தச் சொன்னாள். அவனிடம் மாப்புக் கேட்க வேண்டுமாம். என் பல்லை உடைத்தவனிடம்! அவன் அங்கே இல்லை. வேறொருவன் நின்றான். என் அரைகுறைச் சிங்களத்தில் விசாரித்தேன். மூன்று நாளைக்கு முன்னால் அவனை, ஆட்கள் செத்து விழுந்துகொண்டிருந்த வன்னிச் சண்டைக்கு அனுப்பிவிட்டார்களாம்.

அதைச் சொன்னதும் அவள் வயிற்றை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். அம்பாறை வரும்வரை கேட்டுக்கொண்டே வந்தாள்: "யா அல்லாஹ், அவன உசிரோட அவன்ட உம்மாட்டச் சேத்துரு. என்ட புள்ளய எனக்குத் தந்துரு."

ஆமீன் சொல்ல வாயைத் திறந்தேன்.

"எல்லாம் தெரிஞ்சும் பதுவாவத் தடுக்காத வாய். நீங்க சொல்லாதீங்க" என்றாள்.